கழனி நடுவே ஒற்றை வேம்பு: எடுப்பதா, விடுவதா?

கண்ணமங்கலத்துக்குப் பக்கத்தில் அப்பா வழியில் வந்த ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம், மானாவாரி மல்லாட்டை (நிலக்கடலை), நடுவில் ஒரே ஒரு வேப்பமரம். ஒன்பது கொத்து கலப்பையைத் திருப்ப முடியவில்லை, மரத்தை எடுத்துவிடுங்கள் என்று டிராக்டர்காரர் உழவுக்கு உழவு சொல்கிறார். பெங்களூரிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் அந்த மரம் கண்ணில் பட்டதும் உங்களுக்குத் தொண்டை அடைக்கிறது. ஆறுதலாகவும் இருக்கிறது, துக்கமாகவும் இருக்கிறது. ஏன் அப்படி, அந்த மரத்தால் பயிருக்கு எவ்வளவு நஷ்டம், எடுக்கலாமா கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுக்காதீர்கள். வேளாண்மைத் துறை வேலையில் அணைக்கட்டு, கணியம்பாடி, போளூர் பக்கத்துக் கிராமங்களில் நெடுங்காலம் சுற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் மனசு சொல்வதும் மண்ணின் கணக்கு சொல்வதும் இந்த விஷயத்தில் ஒன்றுக்கொன்று எதிர் இல்லை.

நஷ்டம் உண்டு, முதலில் அதைப் பார்த்துவிடலாம். மரத்தின் தலைவிரிப்பு குறுக்கே பத்து மீட்டர் என்று வையுங்கள். அதன் அடியில் வரும் பரப்பு 78 சதுர மீட்டர் சொச்சம். ஒரு சென்ட் 40 சதுர மீட்டர் சொச்சம் என்பதால் இது கிட்டத்தட்ட இரண்டு சென்ட். நிழலும் வேரும் கிளை நுனியைத் தாண்டியும் போகும், அதற்கு இன்னும் இரண்டு சென்ட் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் 150 சென்ட்டில் நான்கு சென்ட். அந்த நான்கிலும் விளைச்சல் அடியோடு போய்விடாது. செடி வெளிச்சத்தைத் தேடி நெட்டையாகும், பூ குறையும், காய் பிடிப்பது குறையும், அவ்வளவுதான்.

நிழலும் ஓரிடத்தில் கிடப்பதில்லை. நம் பக்கம் 13 பாகைக்குச் சற்றுக் குறைவான வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரையில் ஒரு நாளும் ஆவணித் தொடக்கத்தில் ஒரு நாளும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், அதாவது மல்லாட்டை முளைத்து எழும் ஆனி, ஆடியில், உச்சிவேளை நிழல் தெற்கே கொஞ்சம் சாயும். மற்ற மாதங்களில் வடக்கே விழும், மார்கழியில் நன்றாக நீளும். காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே. நாள் முழுக்க நிழலிலேயே கிடக்கிற செடி என்று பார்த்தால் அடிமரத்தை ஒட்டிய சில அடிகளில் மட்டும்தான் இருக்கும். புளியமரமாக இருந்தால் நான் இவ்வளவு தைரியமாகச் சொல்ல மாட்டேன். புளியின் அடர்ந்த நிழலில் பெரும்பாலும் மண் வெறுமையாகத்தான் கிடக்கும். வேம்பு அந்த அளவுக்கு அடைத்துக்கொண்டு நிற்பதில்லை.

மல்லாட்டைக்காரர்கள் மரத்தின் மேல் வைக்கும் இன்னொரு புகார் கம்பளிப்புழு. அதிலும் உண்மை இருக்கிறது. சிவப்புக் கம்பளிப்புழு நம் பக்கத்து மானாவாரி மல்லாட்டைக்குப் பழைய எதிரி. நல்ல மழை ஒன்று பெய்ததும் மண்ணுக்குள்ளிருந்து அந்துப்பூச்சி கிளம்பும், இலையின் அடிப்பக்கம் கும்பல் கும்பலாக முட்டை வைக்கும். புழு பெருத்ததும் கூட்டமாகக் கொல்லிக்குக் கொல்லி, அதாவது ஒரு மேட்டு நிலத்திலிருந்து அடுத்ததுக்கு, நடந்து போய்ச் செடியைக் குச்சியாக்கிவிடும். வயிறு நிறைந்ததும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி அடுத்த மழைப்பருவம் வரை தூங்கும். இறங்குவதற்கு அது தேர்ந்தெடுக்கும் இடம் வரப்போரமும் மரநிழலில் ஈரம் காக்கும் மண்ணும்தான். அதனால் ஒற்றை மரத்தின் அடியில் கூட்டுப்புழு கூடுதலாக இருக்கும் என்று பெரியவர்கள் சொல்வது சரி. ஆனால் அதையே திருப்பிப் பாருங்கள். ஒன்றரை ஏக்கர் முழுக்கத் தேட வேண்டியதை அந்த மரம் ஓர் இடத்துக்கு வரவழைத்துக் கொடுக்கிறது. அறுவடை முடிந்ததும் அந்த வட்டத்தை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திப் புரட்டினால் கறுஞ்சிவப்புக் கூடுகள் மேலே வரும். பொறுக்கி அழிக்கலாம். விட்டதை வெயிலும் பறவைகளும் பார்த்துக்கொள்ளும்.

பறவைகளைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. கழனியில் பறவை வந்து உட்காரட்டும் என்று குச்சியில் குறுக்குக் கட்டை கட்டிப் பறவை தாங்கி நடுங்கள் என்று எங்கள் துறையே சொல்லிக்கொண்டிருந்தது. உங்களிடம் உயிருள்ள பறவை தாங்கியே நிற்கிறது. விடியற்காலையில் ஒரு தடவை போய் நின்று பாருங்கள். ரெட்டைவால் குருவி உச்சிக் காய்ந்த கொம்பில் உட்கார்ந்து, கீழே எது பறந்தாலும் ஒரு பாய்ச்சல் பாய்ந்து பிடித்துக்கொண்டு அதே கொம்புக்குத் திரும்பும். பனங்காடை சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரியும், திடீரென்று நீலச் சிறகை விரித்து இறங்கி ஒரு வெட்டுக்கிளியோடு எழும். பொந்து இருந்தால் புள்ளி ஆந்தை ஜோடி இருக்கும், அது பூச்சியும் தின்னும், சுண்டெலியும் தின்னும். சுற்றிலும் வேறு மரம் இல்லாத கொல்லியில் இவையெல்லாம் வந்து உட்கார ஒரே இடம் அதுதான். காட்டுக்குள் ஒரு மரம் போனால் பக்கத்து மரம் இருக்கிறது. இங்கே அந்த ஒன்று போனால் எல்லாம் போய்விடும். ஒற்றை மரம் தன் பருமனுக்கு மீறிய வேலையைச் செய்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி உங்கள் தொண்டை அடைப்புக்கு வருகிறேன்.

அந்த மரம் அங்கே ஏன் இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? உழுகிற நிலத்தில் மரம் தானாக நிலைத்து நிற்பதில்லை. முளைத்த கன்றை ஆடு கடிக்கும், கொழுமுனை கிழிக்கும், களை எடுக்கிறவர் கை பிடுங்கிப் போடும். நடுக்கொல்லியில் ஒரு மரம் பெரிதாகி நிற்கிறது என்றால், அது சுண்டுவிரல் பருமனில் இருந்தபோது யாரோ ஏரைச் சற்று விலக்கி ஓட்டியிருக்கிறார். அடுத்த உழவிலும் விலக்கியிருக்கிறார். பிறகு அவர் மகனும். போளூர் பக்கம் ஒரு முதியவரிடம், நடுநிலத்தில் நின்ற துரிஞ்சி மரத்தைக் காட்டி, இதை ஏன் விட்டு வைத்தீர்கள் என்று கேட்டேன். சாமி, நிழல், விறகு என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "எங்க நாயனா வுட்டாரு, நானும் வுட்டுட்டேன்" என்றார். நாயனா என்றால் அப்பா. அதற்கு மேல் அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

உங்கள் மனசைத் தொடுவது இந்த விட்டு வைத்தல்தான் என்று நினைக்கிறேன். கொல்லியில் மற்ற எல்லாவற்றையும் வெட்டுவதற்காகவே விதைக்கிறோம். மல்லாட்டைக்கு ஆயுள் 105 நாள், 110 நாள். கேவுருக்கும் (கேழ்வரகு) அதே நாலு மாதக் கணக்கு. வருஷா வருஷம் முளைத்து, விளைந்து, அறுபட்டுப் போகிற நிலத்தின் நடுவில் ஒன்றே ஒன்று மட்டும் அறுபடாமல் நிற்கிறது. அதைக் கண்ணால் பார்க்கிற நொடியில், உங்கள் அப்பாவும் தாத்தாவும் அதை விட்டுவிட்டுப் போன அத்தனை உழவும் சேர்ந்து உங்கள் முன்னால் நிற்கிறது. அவர்களுடைய கலப்பை இன்று இல்லை, மாடு இல்லை, அந்தக் கால வரப்புகூட இடம் மாறியிருக்கும். அவர்கள் எடுத்த ஒரு முடிவு மட்டும் பச்சையாக நிற்கிறது. ஆறுதல் அங்கிருந்துதான் வருகிறது.

துக்கத்துக்கும் காரணம் இருக்கிறது. ஒற்றை மரங்களில் பல, பிறக்கும்போது ஒற்றை இல்லை. நம் பழைய வட ஆர்க்காடு மாவட்டம் கிணற்றுப் பாசனத்துக்குப் பேர்போனது. மாடு பூட்டிச் சாலில் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டிய காலத்தில் ஒவ்வொரு கிணற்று மேட்டிலும் பூவரசு, புங்கன், வேம்பு என்று மூன்று நான்கு மரம் நிற்கும். மாடு பின்னுக்கும் முன்னுக்கும் நடக்கிற பாதைக்கு நிழல் வேண்டும், சால் இழுக்கிறவருக்கும் வேண்டும். கழனியில் உரமாகத் தழை மிதிக்கவும் அந்த மரங்களில்தான் ஏறி வெட்டுவார்கள். பிறகு கரண்டு மோட்டார் வந்தது. 1973-74ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஆய்வாளர்கள் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் தங்கிப் புது நெல் ரகங்கள் பரவுவதைப் பார்த்தபோது, மோட்டாரும் கிணற்றுத் தண்ணீருமே எல்லாவற்றையும் நகர்த்திக்கொண்டிருந்தன. கிணறு ஆழமாகிக்கொண்டே போனது, அப்புறம் போர்வெல் போட்டார்கள், அப்புறம் பல கிணறுகள் தூர்ந்தன. யூரியா மூட்டை வந்ததும் தழை உரத்துக்கும் வேலை இல்லாமல் போனது. சூளைக்கும் விறகுக்கும் ஒவ்வொன்றாகப் போய், மிஞ்சியதுதான் நாம் இன்று பார்க்கிற ஒற்றை மரம். உங்கள் வேம்புக்குப் பக்கத்தில் நிலம் லேசாகக் குழிந்தோ, கருங்கல் சில மண்ணுக்குள்ளிருந்து தலை நீட்டியோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே ஒரு கிணறு இருந்திருக்கலாம். தாய்ப்பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள். பழைய பத்திரங்களில், நிலத்தில் நிற்கும் மரங்களைக் குறிக்க, "மாவடை மரவடை" என்று ஒரு வரி வரும். சிலதில் மரத்தின் பெயரும் எண்ணிக்கையும்கூட இருக்கும். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது நிலம் ஒருவருக்கும் மரத்தின் பலன் மூவருக்குமாக எழுதிய பத்திரங்கள் நம் பக்கம் உண்டு. அதனால் வெட்டுகிற உரிமை உங்களுக்கு மட்டும்தானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மரம் ஒரு குடும்பத்துக்கு மட்டும் சொந்தமாக இருந்ததும் இல்லை. கணியம்பாடி பக்கத்தில் ஒரு வேம்பை நான் கிட்டே போய்ப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே கிழக்கே போகும் ஒரு கிளை. அதன் மேல்புறம் ஒரு கையகலத்துக்குப் பட்டையின் சொரசொரப்பே இல்லை, வழவழவென்று தேய்ந்திருந்தது. களை எடுக்க வரும் பெண்கள் புடவையில் தூளி கட்டித் தொங்கவிடுகிற இடம் அது. அதற்கு ஒரு முழம் தள்ளி ஒரு முறிந்த கொம்பு, அதில் நான்கைந்து தூக்குச் சட்டிகள். தரையில் வைத்தால் எறும்பு ஏறும், நாய் உருட்டும். அடிமரத்துப் பிளவில் இரண்டு களைக்கொத்து சொருகியிருந்தது. மரத்தின் தென்புறம் மஞ்சள் பூசிய மூன்று கல், காய்ந்த எலுமிச்சம்பழம். அந்த நிலத்துக்காரரும் அப்போது மரத்தை எடுக்கிற யோசனையில்தான் இருந்தார். கூழ் குடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்து, "இன்னா சார், இதையும் எடுத்துட்டா நாங்க எங்க குந்தறது?" என்று கேட்டார். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டார். சித்திரை, வைகாசியில் வேலூர்ப் பக்கம் வெயில் 40 பாகை செல்சியஸைத் தாண்டுவது உங்களுக்குத் தெரியும். அந்த வெயிலில் காலையிலிருந்து குனிந்து நிமிர்ந்த உடம்புக்கு அரை மணி நேர நிழல் என்ன என்பது, நமக்குப் புத்தியில் தெரியும், அவர்களுக்கு உடம்பில் தெரியும். வேலை செய்கிற ஆட்கள் எந்தக் கொல்லிக்கு முதலில் வரச் சம்மதிக்கிறார்கள் என்பதில்கூட மரத்தடிக்குப் பங்கு உண்டு. இதை எந்தச் சாகுபடிச் செலவுக் கணக்கிலும் எழுதுவதில்லை.

வேம்புக்குப் பதில் பனையாக இருந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன், இன்னும் அழுத்தமாக. பனை நிழல் தராது, பயிருக்குத் தொந்தரவும் கிடையாது. தூர்ந்த கிணற்றின் மேல் சாய்ந்து நிற்கும் பனையோலையில் தூக்கணாங்குருவிக் கூடு தொங்குவதை நம் பக்கம் இன்றும் பார்க்கலாம். பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. செய்யாறு திருவோத்தூரில் ஆண்பனைகள் காய்க்காததைச் சொல்லி அடியார் ஒருவர் வருந்த, ஞானசம்பந்தர் பதிகம் பாடியதும் அவை குலை ஈன்றன என்பது தலவரலாறு. வேலூருக்குப் பக்கத்திலேயே விரிஞ்சிபுரம் கோயிலுக்கும் தலமரம் பனைதான். இந்த மண்ணில் ஒரு மரம் காய்க்கவில்லை என்பதே பாட்டாகிற அளவுக்குப் பெரிய விஷயமாக இருந்திருக்கிறது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021ல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்ததும் நல்ல காரியம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இடி மின்னலின்போது அந்த மரத்தடிக்கு யாரும் போகக் கூடாது. வெட்டவெளியில் உயரமாக நிற்பது அது ஒன்றுதான், மின்னல் அதைத் தேடும். மரத்தில் இறங்குகிற மின்சாரம் அடிமரத்திலிருந்து பக்கத்தில் நிற்கிறவர் மேல் தாவும், வேர் வழியாகத் தரையிலும் பரவும். மழைக்கு ஒதுங்கிய ஆட்டு மந்தை மரத்தடியில் மொத்தமாகச் செத்துக் கிடப்பது இதனால்தான். மின்னலைப் பார்த்து 30 வினாடிக்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்கோ, கதவு மூடிய வண்டிக்குள்ளோ போய்விட வேண்டும். நடவு, களைக்கு வருகிறவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. ஆனி, ஆடியில் பழம் உதிரும். நன்றாக வளர்ந்த வேம்பு ஒரு பருவத்துக்கு 30 முதல் 50 கிலோ வரை பழம் கொடுக்கும். பொறுக்கிச் சதை போக அலசி நிழலில் காயவைத்தால் உங்கள் கொல்லிக்கு வேண்டிய பூச்சி மருந்து அதிலேயே இருக்கிறது. ஓடு நீக்கிய பருப்பு ஐந்து கிலோவை இடித்து, துணியில் கட்டி இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, 100 லிட்டராக்கிக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலை நேரத்தில் தெளிக்க வேண்டும். நிழல் ரொம்ப அடைக்கிறது என்று தோன்றினால் பழம் முடிந்த கையோடு கீழ்க்கிளைகளை மட்டும் கழியுங்கள், தழையை அங்கேயே மண்ணில் போடுங்கள். தூளி கட்டுகிற கிளை எது என்று கேட்டுவிட்டுக் கழியுங்கள். வேர் பயிரின் தண்ணீரைக் குடிக்கிறது என்றால் கிளை நுனிக்கு வெளியே, ஒரு பக்கம் மட்டும், இரண்டடி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி மூடுங்கள். நாலு பக்கமும் வெட்டினால் அடுத்த பெருங்காற்றில் மரம் சாய்ந்துவிடும்.

எனக்கு உண்மையான கவலை வேறு. உங்கள் மரத்துக்கு வாரிசு இல்லை. நம் பக்கத்துக் கழனிகளில் நிற்கும் ஒற்றை மரங்கள் பெரும்பாலும் ஒரே வயதுக்காரர்கள், இளசு என்று ஒன்றுமே கண்ணில் படுவதில்லை. மாட்டு ஏர் ஓட்டியவருக்குக் கன்று காலடியில் தெரிந்தது, டிராக்டரில் உட்கார்ந்தவருக்குத் தெரிவதில்லை. அதனால் இந்த ஆடிக்கே ஒன்று வையுங்கள். வேப்பங்கொட்டை உதிர்ந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் முளைப்புத் திறனை இழந்துவிடும், புதுப்பழத்தையே ஊன்றுங்கள். வடக்கு வரப்பு வேண்டாம், வருஷத்தில் பெரும்பகுதி நிழல் பக்கத்துக் கொல்லிக்குப் போய்ச் சண்டை வரும். வண்டிப்பாதை ஓரமோ மோட்டார் கொட்டாய் ஓரமோ நல்லது. மூன்று வருஷத்துக்கு ஆடு கடிக்காமல் முள் அடையுங்கள்.

டிராக்டர்காரரிடம் அடிமரத்திலிருந்து பத்தடி தள்ளி வட்டமாக ஓட்டச் சொல்லுங்கள். கொத்து பட்டு வேர் காயமானால் அங்கிருந்து அழுகல் ஏறும், அதற்காகத்தான் பத்தடி. மிச்சமாகிற அந்த வட்டத்தை அறுவடைக்குப் பின் கொத்திவிட ஒரு ஆள் போதும், கம்பளிப்புழுக் கூடு எடுக்கிற வேலையும் அதிலேயே முடிந்துவிடும்.